நாம் வாழும் அலோர் காஜா மாவட்டம்



ஒரு நாள் நமது வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "உங்கள் ஊர் எது? ஒரு வரியில் எழுதுங்கள்" என்றோம். ஒருவன் தன் தோட்டத்தின் பெயரை எழுதினான். இன்னொருவன் "இரண்டாம் டிவிசன்" என்று எழுதினான். ஒரு சிறுமி, தாத்தா சொன்னதை நினைவில் வைத்து, தமிழ்நாட்டில் உள்ள ஒரு கிராமத்தின் பெயரை எழுதினாள். அவள் அந்தக் கிராமத்தைப் பார்த்ததே இல்லை. "அலோர் காஜா" என்று எழுதியவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

இதைப் பற்றி ஒரு தகப்பனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "வாத்தியாரே, அலோர் காஜாவில் என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டும் பாசாரும்தானே?" என்று கேட்டார். அவர் கேள்விக்குப் பதில் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். பயிற்சிக் கல்லூரியில் நமக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம், "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ" என்பது. தெரிந்த பஸ் ஸ்டாண்டிலிருந்தே நாமும் புறப்படுவோம்.

மலாக்கா மாநிலத்தில் மூன்று மாவட்டங்கள் உண்டு. பட்டணத்தைச் சுற்றியிருப்பது மலாக்கா தெங்ஙா. ஜோகூர் பக்கம் இருப்பது ஜாசின். வடக்கே நெகிரி செம்பிலானை ஒட்டியிருப்பது நமது அலோர் காஜா. பரப்பு ஏறத்தாழ 660 சதுர கிலோமீட்டர். மேற்கே மலாக்கா நீரிணை. வடமேற்கே லிங்கி ஆறு. வடகிழக்கே தம்பின் மலைகள். பூலாவ் செபாங், தெபோங், காடெக், ரெம்பியா, டுரியான் துங்கல், மச்சாப், மஸ்ஜித் தானா, லுபோக் சீனா ஆகியவை இந்த எல்லைக்குள் இருக்கும் ஊர்கள். இவற்றில் பலவற்றுக்கு நாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வந்திருப்போம். எல்லாம் ஒரே மாவட்டம் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மலாய் மொழியில் "காஜா" என்றால் யானை. விநாயகரைக் கஜமுகன் என்கிறோமே, அந்தக் "கஜம்" என்ற வடசொல்தான் மலாயில் "காஜா" ஆயிற்று. "அலோர்" என்பது நீரோடும் பள்ளம், தடம். யானைகள் நடந்து நடந்து பள்ளமான வழி என்று பொருள் சொல்வார்கள். மஸ்ஜித் தானா என்றால் மண் பள்ளிவாசல். டுரியான் துங்கல் என்றால் ஒற்றை டுரியான் மரம். ஊர்ப் பெயருக்குப் பொருள் கேட்டுப் பழகுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே முதல் வரலாற்றுப் பாடம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் பெரும் பகுதிக்குப் பழைய பெயர் நானிங். சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்த மலாய்க்காரர்கள் காட்டைத் திருத்தி, வயல் வெட்டிக் குடியேறிய நாடு அது. அவர்களுக்கென்று ஒரு தலைவர். அவரைப் பெங்ஙுலு என்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வழக்கம். அதை அடாட் பெர்ப்பாத்தே என்பார்கள். இந்த வழக்கப்படி குலம் தாய் வழியில் செல்லும். பரம்பரை நிலம் பெண் பெயரில் இருக்கும். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அந்த நிலத்தை நினைத்தபடி வெளியாருக்கு விற்றுவிட முடியாது. ஆண்பிள்ளை வெளியூர் போய்ச் சம்பாதிக்கலாம். வீடும் வயலும் அக்காள் தங்கையரிடம் நிலைத்திருக்கும். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

1641-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். அதே ஆண்டு நானிங்கோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கும்பினிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, நாட்டில் நடப்பது வேறு. காட்டுக்குள் போய் ஒவ்வொரு வயலாக அளந்து பத்தில் ஒன்று எடுக்க டச்சுக்காரரால் முடியவில்லை. கடைசியில் 1765-இல், ஆண்டுக்கு 400 காந்தாங் நெல் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். காந்தாங் என்பது நமது படி, மரக்கால் போல ஒரு முகத்தல் அளவு. ஒரு நாடு முழுவதற்கும் 400 காந்தாங் என்பது வரியே அல்ல. மரியாதைக்குக் கொடுக்கும் காணிக்கை. அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்திலேயே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

1824-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலாக்கா முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. புதிதாக வந்த அதிகாரிகள் பழைய பத்திரங்களைப் புரட்டினார்கள். "பத்தில் ஒன்று" என்ற வரி கண்ணில் பட்டது. நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே, ஆகவே பத்தில் ஒன்று கொடு, வழக்குகளையும் எங்கள் கோர்ட்டே தீர்க்கும் என்றார்கள். அப்போது பெங்ஙுலுவாக இருந்தவர் டோல் சைட். "எங்கள் முன்னோர் காலத்திலிருந்து நடப்பதே எங்களுக்குச் சட்டம்" என்ற நிலையில் அவர் நின்றார். வழக்கம் ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம். இரண்டும் மோதியதே நானிங் போர்.

1831 ஆகஸ்டில் கும்பினி ஒரு சிறு படையை அனுப்பியது. சுமார் 150 சிப்பாய்கள், இரண்டு பீரங்கிகள். சில நாட்களில் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணினார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் தாபோ நானிங்; மலாக்காப் பட்டணத்திலிருந்து ஏறத்தாழ 22 மைல். ஆனால் அது காட்டு வழி, சதுப்பு, வயல். டோல் சைட்டின் ஆட்களுக்கு அண்டை நாடான ரெம்பாவும் துணைக்கு வந்தது. படை உள்ளே போனதும் பின்னால் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்தார்கள். உணவும் வரவில்லை, குண்டும் வரவில்லை. படை பீரங்கிகளைக் கைவிட்டுத் திரும்பி ஓடியது.

இந்தச் சிப்பாய்கள் யார் என்று கேட்கிறீர்களா? சென்னை மாகாணத்துப் படையைச் சேர்ந்தவர்கள். அந்தப் படையிலே தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். நமது மக்கள் இந்த மாவட்டத்துக்குள் வந்தது ரப்பர் வந்த பிறகுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். ரப்பருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, கும்பினியின் சம்பளத்துக்காகத் துப்பாக்கி பிடித்து இங்கே வந்த நம் நாட்டவர் உண்டு. அதற்கும் முன்னால் 1750-களில் டச்சுக்காரர்கள் லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டா சுபாய் என்று அதைச் சொல்வார்கள். "சுபாய்" என்பது "சிப்பாய்" என்ற சொல்லின் திரிபு என்பர்.

1832-இல் கும்பினி பெரும்படையோடு மீண்டும் வந்தது. இம்முறை அவசரப்படவில்லை. இருபுறமும் காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறினார்கள். சென்னைப் படையின் பயனியர்கள், அதாவது பாதை வெட்டும் சிப்பாய்கள், அந்த வேலையைச் செய்தார்கள். இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்தைக் கடக்க மாதக்கணக்கில் ஆயிற்று. மாற்றான் குண்டும் உண்டு, காட்டுக் காய்ச்சலும் உண்டு. ரெம்பாவைத் தனியே ஒப்பந்தம் செய்து தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் தாபோ நானிங் விழுந்தது. அலோர் காஜா பட்டணத்தில் அந்தப் போரில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. நாம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனபோது ஒரு மாணவி, "சிப்பாய்களை எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டாள். சாதாரணச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்துக் கல் நடுவது அந்நாளில் வழக்கமில்லை என்று சொன்னோம். அவள் வெகுநேரம் பேசவில்லை.

போருக்கு ஆன செலவு ஒரு லட்சம் பவுன் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நானிங்கிலிருந்து கிடைக்கக்கூடிய வரி, அந்தச் செலவின் ஓரத்துக்குக்கூட வராது. டோல் சைட் பின்னர் சரணடைந்தார். அவரை மலாக்காவில் இருத்தி, வீடும் மாதம் 100 ரூபாய் பென்சனும் கொடுத்தார்கள். வயல் வேலையும் வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்து 1849-இல் காலமானார். அவருடைய கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். கும்பினி நானிங்கை வென்றது. ஆனால் நானிங் அழிந்துபோகவில்லை. அரசாங்க நிருவாகத்தில் நானிங் என்ற பெயரில் மாவட்டம் இல்லை. ஆயினும் அந்த வழக்கம் இருக்கிறது. பெண்கள் பெயரில் பரம்பரை நிலம் இருக்கிறது. டத்தோ நானிங் என்ற பட்டம் இருக்கிறது. ஐரோப்பாவிலே போலந்து என்றொரு நாடு உண்டு. அங்கே 1975-இல் மாவட்ட அமைப்பையே அரசாங்கம் எடுத்துவிட்டது. 24 ஆண்டுகள் கழித்து, 1999-இல், திரும்பவும் மாவட்டங்களை அமைத்தது. கோடு அழிந்தாலும், இது எங்கள் வட்டாரம் என்ற உணர்ச்சி மக்களிடம் இருந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும்.

போருக்குப் பிறகு காட்டுக்குள் சாலை வந்தது. சாலை வழியே பயிர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே சீன முதலாளிகள் மலாக்காவின் உட்பகுதிகளில் மரவள்ளி பயிரிட்டார்கள். மரவள்ளி மண்ணின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். சில போகம் எடுத்துவிட்டு நிலத்தைப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலான் புல் மண்டும். அந்த லாலான் காட்டை மாற்றியது ரப்பர். 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனர், புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். வணிகத்துக்காக மலாயாவில் நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு ஜாசின் பக்கம் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறியது. பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை வாங்கின, புதியன திறந்தன. அலோர் காஜாவும் பால் மரக் காடாயிற்று.

பால் மரத்துக்கு ஆள் வேண்டுமே! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியோடு வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். விடியுமுன் பிரட்டு, நிரை பிடித்துப் பால்வெட்டு, மங்கு துடைத்துப் பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமப்பது, மாலையில் லயத்துக்குத் திரும்புவது. இதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலேயே சொல்ல ஆள் இருக்கிறது. மலாக்காப் பட்டணத்திலே நூற்றாண்டுகளாக வாழும் மலாக்காச் செட்டிகள் என்ற பழந்தமிழ்க் குலத்தார் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்கள் வாணிகத்தால் வந்தவர்கள். நம்மவர் உழைப்பால் வந்தவர்கள்.

1905-இல் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளை ரயில் பாதை திறந்தார்கள். நமது மாவட்டத்தின் ஊடாக ரயில் ஓடியது. இன்று அந்தப் பாதை இல்லை. எங்கே போயிற்று? 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முனைந்தார்கள். அதற்குத் தண்டவாளம் வேண்டும் என்று மலாக்காப் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆளும் வேண்டும் என்று தோட்டங்களில் நம்மவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்டவாளமும் போயிற்று, ஆளும் போயிற்று. அந்தப் பாதை வேலையில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். மலாயாத் தமிழர் அதில் பெரும் பங்கினர். சயாம் மரண ரயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி இந்த மாவட்டத்து மண்ணில் கிடந்த இரும்பு. போர் முடிந்த பிறகும் மலாக்காவுக்கு ரயில் திரும்பவில்லை. பெரிய பாதை மட்டும் பூலாவ் செபாங்கைத் தொட்டுச் செல்கிறது. இரட்டைத் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடுகிறது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. அந்தக் காலத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதைச் சொன்னார்கள். மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவர்கள், "இது எங்கள் தோட்டம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பத்திரத்தில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. வேலை போனது, வேலையோடு வீடும் போனது. அந்த நிலையில்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கினார்கள். எல்லாத் தோட்டத்தையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆளே போதும். மீதியிருந்த நிலத்திலும் பல இடங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும் கல்லூரியும் எழுந்தன. நம் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன.

நேயர்களே, நானிங் மக்களின் கதையையும் நம் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களிடம் வழக்கம் இருந்தது. பத்திரம் அவர்களுக்கு எதிராக இருந்தது. அதனால் போர் வந்தது. போரில் தோற்றாலும் நிலத்தை விடவில்லை. அது வீட்டுப் பெண்ணின் பெயரில், விற்க முடியாதபடி கட்டப்பட்டிருந்தது. நம்மிடமும் வழக்கம் இருந்தது. நம் வியர்வை இந்த மண்ணில் இருந்தது. ஆனால் கையில் பத்திரம் இல்லை. அதுதான் வேறுபாடு.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று.

முதலாவது, பத்திரம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பதிவு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றை ஒரு டின்னில் போட்டுப் பூட்டி வையுங்கள். நம்மவர் பலரின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் ஒரு தோட்டத்தின் பெயராக இருக்கும். அந்தத் தோட்டம் இன்று இல்லாமல் போயிருக்கலாம். அதன் ஆபீசும் ஏடுகளும் போயிருக்கலாம். பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்யத் தவறினால், அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது தொடங்கும் தொல்லை, முதுமை வரை விடாது. இதை நாம் வகுப்பறையிலேயே கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, வீடு. சிறிய வீடானாலும் சொந்தப் பெயரில் ஒன்று வேண்டும். நானிங் பெண்களைப் போல வீட்டுப் பெண் பெயரும் அதில் இருக்குமானால் இன்னும் நல்லது. குடியும் கடனும் கொண்டுபோகாமல் அது காக்கும்.

மூன்றாவது, ஊர். தோட்டத்தின் பெயர் மாறும், முதலாளி மாறுவார், மரம்கூட மாறும். மாவட்டம் அங்கேயே இருக்கும். அதன் மேல் நமக்கு உரிமை உண்டு என்ற எண்ணம், அதை அறிந்தால்தான் வரும்.

அறிய வேண்டியது எவ்வளவோ உண்டு. காடெக்கில் பூமியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது. மஸ்ஜித் தானாக் கடற்கரைப் பக்கம் பாடாங் கெமுந்திங்கில் அழுங்காமைகளின் முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். கம்பங்களில் மினாங்கபாவ் முறைப்படி கட்டிய மர வீடுகளும், ஓடு பதித்த வண்ணப் படிக்கட்டுகளும் இருக்கின்றன. டுரியான் துங்கலில் மலாக்காப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நீர்த்தேக்கம் இருக்கிறது. 1991-இல் அது வற்றியபோது பட்டணமே வாளியும் கையுமாகத் தவித்தது. நகரத்தின் குழாய்த் தண்ணீர் நம் மாவட்டத்து மழையை நம்பியிருக்கிறது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாபோ நானிங் வரை போய் வாருங்கள். வழியில் உங்கள் பழைய லயம் இருந்த இடத்தைக் காட்டுங்கள். பால் ஸ்டோர் எங்கே, கோயில் எங்கே, கிணறு எங்கே என்று சொல்லுங்கள். தாத்தா பாட்டி சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டோல் சைட்டுக்குக் கல்லறை இருக்கிறது. ஆங்கிலேய அதிகாரிக்கும் கல்லறை இருக்கிறது. பாதை வெட்டிய சிப்பாய்க்கும் பால் வெட்டிய பாட்டிக்கும் அந்த நோட்டுத்தான் கல்.

அந்தத் தகப்பனார் நம்மோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாபோ நானிங்குக்கு வந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று, "இந்தச் சாலையை வெட்டியதிலும் நம் ஆள் இருந்தானா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். மறு வாரம் அவருடைய மகன் பள்ளிப் பாரத்தில் "சொந்த ஊர்" என்ற இடத்தில் அலோர் காஜா என்று எழுதிக் கொண்டுவந்தான். பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் எழுதியிருந்தான். இரண்டும் சரி என்று நாம் அதில் ஒரு சரிக்குறி போட்டோம்.